உடைந்த பொம்மை, தொலைந்த பொம்மை: ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் துணைநிற்க ஒரு முழுமையான வழிகாட்டி

1943-ல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சிறு குறிப்பு வரும். இரண்டு பொம்மைகள், ஒன்றின் தலையில் தொப்பி இருக்கிறது, மற்றதன் தலையில் இல்லை. அதைப் பார்த்த குழந்தையை யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை. இன்னொரு தொப்பியைத் தேடியெடுத்து மாட்டியதும் குழந்தை அமைதியாகிவிட்டது. அதன்பிறகு அந்தப் பொம்மைகளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பொம்மை உடைந்து குழந்தை கதறும்போது, "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று தோன்றினால் இந்தக் குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒன்று போன கார் நமக்கு இன்னமும் கார்தான். குழந்தைக்கு அது நேற்றிருந்த பொருளே இல்லை. பிடிவாதம், செல்லம் என்று இதற்குப் பெயர் வைத்தால் அங்கேயே உதவி தடம் மாறிவிடும்.

அந்தப் பொம்மை குழந்தைக்கு என்ன செய்துகொடுக்கிறது?

பொம்மை நன்றாக இருக்கும்போதே இதைக் கவனித்து வையுங்கள். காரணத்துக்குத் தக்கபடிதான் தீர்வும் மாறும்.

சில குழந்தைகளுக்கு முழுமைதான் முக்கியம். பன்னிரண்டு விலங்குகள் வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மீதிப் பதினொன்றும் பயனற்றவை. சில குழந்தைகளுக்குத் தொடு உணர்வும் வாசனையும் எடையும்தான் எல்லாமே. கரடி பொம்மையின் காதை விரலிடுக்கில் உருட்டினால்தான் உடல் தளரும், தூக்கம் வரும். இன்னும் சிலருக்குப் பொம்மை ஒரு பாலம். அது கையில் இருந்தால்தான் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியும். பேச்சு வராத குழந்தைக்குப் பொம்மை சில சமயம் சொல்லாகவும் இருக்கும்: காரைக் கொண்டுவந்து உங்கள் கையில் வைத்தால் "வெளியே போகலாம்" என்று பொருள்.

ஒரு வாரம் பார்த்தால் போதும். எந்த நேரத்தில் எடுக்கிறது, எந்தப் பகுதியைத் தொடுகிறது, முகர்கிறதா, வாயில் வைக்கிறதா, வரிசைப்படுத்துகிறதா, யாராவது இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகிறது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். வரிசை முக்கியமான குழந்தைக்கு, காணாமல்போன ஒரு விலங்கின் இடத்தில் அதே அளவுள்ள இன்னொன்று பொருந்தக்கூடும். காதை உருட்டும் குழந்தைக்கு அச்சு அசலான புதுக் கரடி வந்தாலும் துணியின் மென்மை ஒத்துவராது.

உடைந்த முதல் பத்து நிமிடங்கள்

1. முதலில் ஆபத்தை அகற்றுங்கள். கூரான துண்டுகள், திருகாணிகள், சிறு பாகங்கள் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. பட்டன் பேட்டரி (நாணயம் போன்ற சிறு வட்ட பேட்டரி) வெளியே வந்திருந்தால் அது எங்கே என்று உடனே உறுதிசெய்யுங்கள். விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காந்தத் துண்டுகளும் இதே அளவு ஆபத்தானவை. ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளே போனால் குடலை இடையில் வைத்து ஒட்டிக்கொள்ளும்.

2. மீதித் துண்டுகள் ஒன்றுவிடாமல் ஒரு ஒளிபுகும் டப்பாவிலோ ஜிப் கவரிலோ சேருங்கள், குழந்தை பார்க்கும்படியாகவே. துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. குழந்தையின் கண்ணுக்கு அது இரண்டாவது முறை உடைவதைப் போல.

3. பேச்சைக் குறையுங்கள். மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் குழந்தை தன் கட்டுப்பாட்டை இழக்கும் நிலை, வந்தபின் காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் கூடுதல் சுமை. டிவியை நிறுத்துங்கள், விளக்கை மங்கலாக்குங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை வேறு அறைக்கு அனுப்புங்கள். குழந்தையின் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், அதன் உயரத்துக்கு அமருங்கள்.

4. அணைப்பு எல்லாக் குழந்தைக்கும் ஆறுதல் இல்லை. வழக்கமாக இறுக்கிக் கட்டிக்கொள்வதை விரும்பும் குழந்தையென்றால் கையை விரித்துக் காட்டுங்கள், வந்தால் அணையுங்கள். வராவிட்டால் போர்வையையோ தலையணையையோ அருகில் வைத்தால் போதும். தலையை மோதிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காமல், தலைக்கும் தரைக்கும் நடுவே தலையணையைத் தள்ளுங்கள்.

5. "புதுசு வாங்கித் தரேன்" என்று இப்போது சொல்லாதீர்கள். அதே பொம்மை கிடைக்குமா என்று உங்களுக்கே தெரியாது. கிடைக்காமல் போனால் துயரம் இரண்டாகிவிடும்.

சில குழந்தைகள் அழாது. சிரிக்கும், ஓடும், அல்லது எதுவும் நடக்காததுபோல் இருக்கும். சிரிப்பைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டு திட்டிவிடாதீர்கள். உள்ளே நடப்பதும் முகத்தில் தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரவு படுக்கையிலோ இரண்டு நாள் கழித்தோ அந்த அழுகை வரலாம். அப்போது "அதான் முடிஞ்சுபோச்சே" என்று சொல்லாமல் இன்றுதான் உடைந்ததுபோல நடந்துகொள்ளுங்கள்.

என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

மூன்று சிறு வாக்கியங்கள் போதும். நடந்தது என்ன, உணர்வு என்ன, நான் எங்கே. "கார் உடைஞ்சிடுச்சு. உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அம்மா இங்கயே இருக்கேன்." இதையே, வார்த்தை மாறாமல், இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்லலாம். "ஏன் அழற? எப்படி உடைஞ்சுது? யார் பண்ணது?" போன்ற கேள்விகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"கரடி செத்துப்போச்சு", "தூங்குது", "சாமிகிட்ட போயிடுச்சு", "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு" போன்ற மழுப்பல்கள் வேண்டாம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் குழந்தை, தூங்கினால் தானும் திரும்ப வரமாட்டோம் என்று பயப்படலாம். அடுத்த மாதம் தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பொய் வேறு விதமாகத் திரும்பி வரும்.

"அப்புறம் பார்க்கலாம்" என்பதும் வேண்டாம். அப்புறம் என்றால் எப்போது? "சாப்பிட்ட பிறகு பசை போடுவோம்" என்றால் அது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு.

பேசாத குழந்தைக்கும் பேச்சு குறைவாக உள்ள குழந்தைக்கும் பட அட்டைகளை முன்கூட்டியே செய்து வையுங்கள். உள்ளங்கை அளவில் ஆறு அட்டைகள் போதும்: உடைந்தது, தேடுகிறோம், சரிசெய்கிறோம், காத்திரு, கிடைக்கவில்லை, கிடைத்தது. கருவி மூலமோ செயலி மூலமோ பேசும் குழந்தையென்றால் இதே சொற்களை அதில் சேர்த்து, சாதாரண நாட்களிலும் நீங்களே அதைத் தொட்டுக் காட்டுங்கள். உணவு மேஜையில் பிஸ்கட் உடைந்தாலும் "உடைந்தது" அட்டையைக் காட்டலாம். அழுகையின் நடுவே புதுச் சொல் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது.

சரிசெய்வது

குழந்தை அமைதியான பிறகு, துண்டுகள் இருக்கும் டப்பாவை வைத்துக்கொண்டு தேர்வுகளைக் காட்டுங்கள். ஒட்டலாம், இப்படியே வைத்துக்கொள்ளலாம், டப்பாவில் மூடி வைக்கலாம். எது உடைந்தது என்று நீங்களாக முடிவுசெய்துவிடாதீர்கள். சக்கரம் கழன்றதில் குழந்தைக்கு வருத்தமே இல்லாமல், கதவிலிருந்த ஸ்டிக்கர் கிழிந்ததுதான் தாங்க முடியாததாக இருக்கலாம். விரிசல் வெளியே தெரிவதைவிடப் பொம்மை கண்ணில் படாமலே இருப்பதை விரும்பும் குழந்தைகளும் உண்டு.

கடினப் பிளாஸ்டிக்குக்கு சூப்பர் குளூ சரி. நொடிகளில் பிடித்தாலும் முழு உறுதி வர 24 மணி நேரம் விடுங்கள். ஒரு துளிக்கு மேல் போட்டால் சுற்றிலும் வெள்ளைப் படலம் படியும், அதைக் குழந்தை கட்டாயம் கவனிக்கும். வழுவழுப்பான மெழுகுபோன்ற பிளாஸ்டிக்கில், அதாவது பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் வகைகளில், இந்தப் பசை நிற்காது; ஒட்டி ஒட்டிக் கழன்று குழந்தை ஒரே இழப்பை நான்கு முறை அனுபவிக்கும். அப்படிப்பட்டதைத் திருகாணியோ கம்பியோ போட்டு இணைக்க முடியுமா என்று பாருங்கள், இல்லையென்றால் முடியாது என்று நேரே சொல்லிவிடுங்கள். பசையின் நெடி குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் வேறு அறையில் ஒட்டி, வாசனை போனபிறகே கொடுங்கள்.

அந்த 24 மணி நேரக் காத்திருப்புதான் உண்மையில் கடினம். பொம்மையை உயரத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். "காத்திரு" அட்டையோடு, இடையில் வரும் நிகழ்வுகளைப் படமாக வரிசையாக ஒட்டுங்கள்: இரவுச் சாப்பாடு, தூக்கம், குளியல், பள்ளி, பிறகு கார். ஒவ்வொன்றும் முடிய முடிய அந்தப் படத்தைக் குழந்தையே கழற்றட்டும்.

துணிப் பொம்மை பிரிந்தால் அதே நிற நூலில், தையல் வெளியே தெரியாதபடி இருபுற விளிம்புகளையும் மாறிமாறிக் கோத்துத் தையுங்கள். பஞ்சு வெளியே வந்திருந்தால் அதே பஞ்சையே திணியுங்கள். புதுப் பஞ்சைக் கூடுதலாக அடைத்தால் பார்க்க அழகாகிவிடும், ஆனால் பிடி மாறிவிடும். சமையலறைத் தராசில் எடையைப் பார்த்துக்கொண்டே திணிப்பது நல்லது. இதே சாக்கில் துவைத்துவிடலாமே என்று தோன்றும், துவைக்காதீர்கள். வாசனையும் போய்விட்டால் மிச்சம் இருந்ததும் போனதாகிவிடும். துவைத்தே ஆக வேண்டுமென்றால் சில நாள் கழித்து, குழந்தையிடம் சொல்லிவிட்டு, எப்போதும் போடும் அதே சோப்பில்.

பாட்டுப் பாடும் பொம்மையின் சுருதி இறங்கியிருந்தால் பேட்டரியைப் பாருங்கள். நமக்குக் கேட்காத வித்தியாசம் குழந்தைக்கு முன்பே கேட்டிருக்கும். எல்லா பேட்டரிகளையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கையுறை போட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். மூடியின் திருகாணியை இறுக்க மறக்காதீர்கள்.

சரிசெய்யவே கூடாதவையும் உண்டு. விரிசல் விட்ட காந்தக் கட்டைகள், கடித்துக் கிழிந்த சிலிக்கோன் மெல்லும் பொம்மைகள், உப்பிய பேட்டரி உள்ளவை. ஒட்டி வைத்தால் அடுத்த முறை உடைவது குழந்தையின் வாயிலாக இருக்கும்.

தொலைந்துவிட்டால்

உடைவதைவிடத் தொலைவது பல குழந்தைகளுக்குக் கொடுமையானது. உடைந்ததைக் கண்ணால் பார்க்கலாம். தொலைந்தது எங்கோ இருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம். அந்த நிச்சயமின்மைக்கு முடிவே இல்லை. ஆகவே தேடலுக்கு நீங்கள் ஒரு முடிவை உண்டாக்கித் தர வேண்டும்.

ஒரு தாளில் ஐந்து இடங்களை எழுதுங்கள் அல்லது வரையுங்கள்: கட்டிலுக்கு அடியில், சோபா இடுக்கு, பை, துணிக்கூடை, வண்டி. டைமரை 15 நிமிடத்துக்கு வையுங்கள். ஒவ்வொரு இடமாகப் பார்த்துக் குழந்தையே டிக் அடிக்கட்டும். டைமர் அடித்ததும் "தேடி முடிச்சாச்சு. கிடைக்கல. நாளைக்குக் காலையில மறுபடி தேடுவோம்" என்று சொல்லி, தாளைச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் கட்டாயம் தேடுங்கள். தேடாமல் விட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. மூன்று நாள், மூன்று தேடல். அதற்குமேல் "கிடைக்கவில்லை" அட்டைதான். "வந்துடும், வந்துடும்" என்று இழுத்தால் குழந்தை கதவருகிலேயே காத்துக்கிடக்கும்.

வெளியே தொலைந்திருந்தால், புகைப்படத்தோடு அந்த இடத்தாரிடம் அன்றே கேட்டுவிடுங்கள். இனித் தொலையாமலிருக்கத் துணிப் பொம்மையின் உட்புறத்தில் தொலைபேசி எண் எழுதிய நாடாவைத் தைக்கலாம். தேடல் டேக் (பொருள் இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் காட்டும் சிறு கருவி) பொருத்துவது எளிய வழியாகத் தோன்றும், ஆனால் அவற்றில் பல சி.ஆர். 2032 என்ற 20 மில்லிமீட்டர் பட்டன் பேட்டரியில் ஓடுகின்றன. வாயில் போடும் குழந்தையென்றால் அதைப் பொம்மையில் வைக்கவே வேண்டாம்.

மாற்றுப் பொம்மை: ஒளித்து மாற்றாதீர்கள்

குழந்தை தூங்கும்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பல குழந்தைகள் முதல் தொடுதலிலேயே கண்டுபிடித்துவிடும். அப்போது பொம்மையோடு உங்கள் மேலிருந்த நம்பிக்கையும் போகும். அதன்பின் கையிலிருக்கும் ஒவ்வொரு பொருளையும் "இது அதேதானா?" என்று சோதிக்கத் தொடங்கும். வெளிப்படையாக, "இது இன்னொரு கரடி. பழைய கரடி இல்லை" என்று சொல்லிக் கொடுங்கள்.

பழையது இன்னும் இருந்தால், இரண்டையும் ஒரே தலையணை உறைக்குள் ஒரு வாரம் வையுங்கள். வாசனை ஓரளவு ஏறும். அதற்கு முன்பே புதியதை மட்டும் நாலைந்து முறை துவைத்தால் துணியின் விறைப்பு குறையும். முதலில் கண்ணில் படும் அலமாரியில், பிறகு விளையாடும் இடத்தில், பிறகு படுக்கையருகில். எந்தக் கட்டத்திலும் கையில் திணிக்காதீர்கள். குழந்தை தூக்கி எறிந்தால் எடுத்து மறுபடி அலமாரியில் வையுங்கள், அவ்வளவுதான். சில குழந்தைகள் கடைசிவரை ஏற்காது. அதுவும் பதில்தான்.

எதுவும் நடப்பதற்கு முன்பே செய்தால் இதைவிட எளிது. மிக நெருக்கமான பொம்மை எதுவென்று தெரிந்ததும் அதே மாதிரியில் இன்னொன்று வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றிமாற்றிப் புழங்க விடுங்கள். குழந்தைக்கு இரண்டு இருப்பது தெரிந்திருக்கட்டும். இரண்டும் ஒன்றாகப் பழசாகும். பெட்டிக்குள் பத்திரப்படுத்திய இரண்டாவது, தேவைப்படும் நாளில் அந்நியமாகத்தான் இருக்கும். நான்கு புறமும் படம், துணிச் சீட்டு, மாடல் எண், எடை, பாடும் பொம்மையென்றால் அதன் ஒலிப்பதிவு ஆகியவற்றையும் தொலைபேசியில் சேர்த்துவையுங்கள். ஒரே பெயரில் விற்கும் பொம்மைக்கே நிறமும் துணியும் மாறிவிடுவதுண்டு.

அண்ணனோ தங்கையோ உடைத்திருந்தால்

"மன்னிப்புக் கேள்", "சரின்னு சொல்லு" என்று இருவரையும் உடனே நிறுத்தாதீர்கள். உடைத்த குழந்தையைத் தனியே அழைத்து, அது தெரியாமல் நடந்ததா என்று கேளுங்கள். துண்டு பொறுக்கவோ தேடல் தாளில் படம் வரையவோ அதற்கு ஒரு வேலை கொடுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையே மெல்ட்டவுனில் உடைத்திருந்தால், "நீதானே உடைச்ச" என்பதைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். தான் விரும்பியதைத் தானே உடைத்த வேதனை அதற்கு ஏற்கனவே இருக்கிறது.

விடைகொடுப்பதும், திரும்பத்திரும்ப வரும் கேள்வியும்

சரிசெய்ய முடியாததை எப்போது, எப்படி வைத்திருப்பது என்பதில் குழந்தைக்குத்தான் முதல் உரிமை. நினைவுப் பெட்டியில் வைக்கலாம், படம் எடுத்துச் சிறு புத்தகமாக்கலாம், துணியில் ஒரு துண்டை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். வெட்டுவது பிடிக்காத குழந்தையும் உண்டு, கேட்டுச் செய்யுங்கள். குப்பைத்தொட்டியில் கிடப்பதைக் குழந்தை பார்க்க நேரக் கூடாது.

"கரடி எங்கே?" என்று மாதக்கணக்கில் கேட்கலாம். பதில் தெரியாமல் கேட்பதில்லை. அதே பதிலைக் கேட்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "கரடி தொலைஞ்சிடுச்சு. தேடினோம், கிடைக்கல." அதையே அட்டையில் எழுதி வைத்தால் குழந்தை தானே போய்ப் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கும் இதே வாக்கியத்தை எழுதி அனுப்புங்கள். அங்கே ஒருவர் "சீக்கிரம் வந்துடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

சமூகக் கதையும், அதாவது ஒரு சூழலில் என்ன நடக்கும் என்று குழந்தைக்குச் சொல்லும் சிறு கதையும், இங்கே உதவும். கரோல் கிரே உருவாக்கிய இந்த முறையில் "செய், செய்யாதே" என்பதைவிட நடப்பதை விவரிக்கும் வரிகள்தான் அதிகம் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

"பொம்மைகள் சில சமயம் உடையும். உடைந்தால் எனக்கு அழுகை வரும். அழலாம். அம்மா துண்டுகளை டப்பாவில் வைப்பார். சில பொம்மைகளை ஒட்ட முடியும். சிலவற்றை ஒட்ட முடியாது. ஒட்ட முடியாவிட்டால் டப்பாவை என் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்."

அமைதியான நேரத்தில் வாரம் இரண்டு மூன்று முறை வாசியுங்கள். கூடவே, குழந்தைக்குப் பெரிதாக ஒட்டுதல் இல்லாத பொருட்களில் பழக்குங்கள்: கட்டைக் கோபுரம் சரிவது, களிமண் உருவத்தைப் பிசைந்து மீண்டும் செய்வது, கிழிந்த காகிதத்தை ஒட்டுவது. பயிற்சி என்ற பெயரில் பிரியமான பொம்மையை வேண்டுமென்றே உடைப்பதோ ஒளிப்பதோ கூடவே கூடாது.

எப்போது வேறு உதவி தேவை

தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாப்பாடும் தண்ணீரும் மறுப்பது, பல இரவுகள் தூங்காமலிருப்பது, இருந்த சொற்கள் குறைவது ஆகியவை தென்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். முன்பு இதே மாதிரி உடைந்தபோது தாங்கிய குழந்தை இந்த முறை அடியோடு நிலைகுலைந்தால், உடலில் வலி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தையிடம் பொம்மை வெறும் கடைசித் துரும்பாக இருந்திருக்கலாம்.

பல நாள் கழித்துக் கிடைத்துவிட்டால்

மகிழ்ச்சியில் ஓடிப்போய்க் கையில் கொடுத்துவிடாதீர்கள். "கிடைக்கவில்லை" என்று குழந்தை சிரமப்பட்டு ஏற்றுக்கொண்ட ஒன்று மாறுகிறது. நல்ல செய்தியும் அதிர்ச்சிதான். முதலில் பொம்மையின் புகைப்படத்தையும் "கிடைத்தது" அட்டையையும் காட்டி, எங்கே இருந்தது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். நனைந்தோ நிறம் மங்கியோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பிறகு அலமாரியில் வைத்து, குழந்தையே வந்து எடுக்கும்வரை விடுங்கள். இதற்குள் மாற்றுப் பொம்மை பழகியிருந்தால் அதை எடுத்து ஒளிக்க வேண்டாம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். சுவரில் ஒட்டியிருக்கும் தேடல் தாளைக் குழந்தையே கிழித்து எடுக்கட்டும்.